மார்பக பயாப்ஸி: ஊசியைக்கூட மன்னிக்கலாம், ரிசப்ஷனை மன்னிக்க மனசு வரலை

மார்பக ஸ்கேன் ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் 4 என்று வந்தது. சந்தேகமாக இருக்கிறது, பயாப்ஸி செய்து, அதாவது ஊசியால் சதைத்துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். உடனே கோவையில் ஒரு சென்டருக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டுட்டே வாங்க மேடம், வேற ஒண்ணும் வேணாம்" என்றது ரிசப்ஷன் பெண். கோத்தகிரியிலிருந்து விடியற்காலைப் பனியில் இறங்கி, மேட்டுப்பாளையம் டிராஃபிக்கில் ஊர்ந்து போய் உட்கார்ந்தால், நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்களாம்மா?"

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து எக்கோஸ்பிரின் (ஆஸ்பிரின் மாத்திரை)தான். "அப்ப இன்னிக்கு முடியாது, ஹார்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." இதைப் போனிலேயே கேட்டால் வாய் வலிக்குமா? ஹார்ட் டாக்டரோ, "நிறுத்தாமலே செய்யலாம்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக மலை ஏறி இறங்கினேன். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் இருந்தால் அது ஆபத்து.

பயாப்ஸி அரை மணி நேரத்தில் முடிந்தது. மரக்கும் ஊசி சுருக்கென்று எரியும், வலி அவ்வளவுதான். ஸ்கேனில் பார்த்தபடியே டாக்டர் ஊசியைச் செலுத்தி 'டப்' என்று அடிப்பார், ஸ்டேப்ளர் மாதிரி. அந்தச் சத்தத்தை முன்னாடியே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தூக்கிவாரிப் போடும். நாலைந்து துண்டு எடுத்தார்கள். தையல் கிடையாது. பிறகு பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நர்ஸ் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்காதீர்கள்.

எடுத்த துண்டுகளைப் போட்ட ஃபார்மலின் (கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டிலை மகள் கையில் கொடுத்து, "கீழே லேப்ல குடுத்துடுங்க" என்றார்கள். படியிலேயே லேபிளைப் படித்தவள் திரும்பி ஓடி வந்தாள். "அம்மா, வலதுன்னு எழுதியிருக்கு!" எடுத்தது இடது பக்கம். அசடு வழிந்தபடி பேனாவால் அடித்துத் திருத்தப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. டாக்டரையே வரவழைத்து, புது லேபிள் ஒட்ட வைத்து, படிவத்தோடு சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தாள். பேர், வயது, பக்கம் மூன்றையும் நீங்களும் படித்துவிடுங்கள்.

திரும்பும்போது இன்னொரு விஷயம். காரில் முன்சீட்டு பெல்ட் இடது தோள் வழியாக வரும். இடப்பக்கம் எடுத்தவர்கள் டிரைவருக்குப் பின்னால் உட்காருங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் அருமை தெரியும். அன்று முழுக்கக் கனம் தூக்க வேண்டாம். நீலம் பாரித்தால் பயப்படாதீர்கள், மஞ்சளாகி மறைந்துவிடும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் உடனே போன் போடுங்கள்.

ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. புற்றுநோய் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வேறு சென்டர் பார்த்தாகிவிட்டது.