பின்னுக்குப் புது சொக், முன்னுக்குப் பழசு: பல்சரோடு ஒரு வன்னிச் சுற்று

என்னுடைய பல்சர் 150 மோட்டார் சைக்கிள், 2004ஆம் ஆண்டுப் பிறவி. வவுனியாவில் இருந்த மாமா வைத்து ஓடியது. அவருக்கு முழங்கால் ஏலாமல் போனபோது கிளிநொச்சிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தபோது புதுச் சைக்கிள் ஒன்றின் விலையை விசாரிக்கப் போனேன். விலையைக் கேட்டேன், பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தேன், பழைய சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்தேன்.

எஞ்சினில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பிழை முழுக்கப் பின் சொக்கில்தான், அதுதான் பின் சில்லின் அதிர்ச்சியைத் தாங்குகிற ஸ்பிறிங் குழாயில். ஏ9 பெருந்தெருவில் மட்டும் ஓடுகிறவருக்கு இது விளங்காது. காப்பெற் போட்ட றோட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டும் போகலாம். ஏ9ஐ விட்டு இடமோ வலமோ கிறவல் றோட்டில் இறங்கிப் பாருங்கள். மழைக்குப் பிறகு லொறியும் உழவு இயந்திரமும் ஓடி ஓடி, றோட்டே நெளிதகரத்தைக் கவிழ்த்து வைத்தது மாதிரிக் கிடக்கும். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பழைய சொக் தாங்கும். பிறகு தாங்காது. உள்ளே எண்ணெயும் காற்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வேகமாக அடிபட அடிபட இரண்டும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்குள்ளால் பிஸ்ரன் சும்மா போய்வரும், ஸ்பிறிங்கை அடக்க ஆளிருக்காது. சைக்கிள் குதிரை மாதிரித் துள்ளத் தொடங்கும்.

பல்சரைச் செய்கிற பஜாஜ்காரர்கள் இதற்கு 2005இலேயே மருந்து கண்டுவிட்டார்கள். அந்த ஆண்டு வந்த மொடலில் 18 அங்குலச் சில்லை 17 ஆக்கி, பின்னுக்கு நைட்ரொக்ஸ் என்று காஸ் அடைத்த சொக் பூட்டினார்கள். பக்கத்தில் சின்னக் குப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். உள்ளே அமுக்கத்தில் இருக்கிற நைதரசன் எண்ணெயை நுரைக்க விடாது. ஒரே ஒரு வருசத்தால் எனக்குத் தப்பிப்போன சாமான்.

கராஜ் அண்ணைக்கு அறுபது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு வேர்ணியர். அளக்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றமாட்டார். பழைய சொக்கையும் புதியதையும் சாக்கில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, மேல் வளையத்து ஓட்டையில் இருந்து கீழ் வளையத்து ஓட்டைவரை அளந்தார். புதியது ஒரு நகத்தளவு கட்டை. "அது பரவாயில்லை, தம்பி. புஷ்தான் பிழை" என்றார். புதுச் சொக்கின் வளையத்துக்குள் இருக்கிற புஷ், அதாவது தண்டைப் பிடிக்கிற குழல், என்னுடைய தண்டுக்குப் பெரிது. போட்டால் லொட லொட என்று ஆடும். லேத்காரரிடம் போய்ப் பித்தளையில் இரண்டு சோடி புஷ் கடைந்து வந்தோம். சொக்குக்குப் போனது இரண்டு மூட்டை நெல்லுக் காசு. புஷ்ஷுக்கு லேத்காரர் வாங்கியது ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும். புஷ்ஷைப் போட்டு ஆட்டினால் ஆடவில்லை, தட்டினால் சத்தமும் இல்லை.

பழையதைக் கழற்ற முன்னம் அண்ணை ஒரு சோதனை காட்டியிருந்தார். பழைய சொக்கோடு சீற்றை அமுக்கி விட்டார்: மேலே, கீழே, மேலே, கீழே, மூன்று தரம் ஆடித்தான் நின்றது. புதியது பூட்டின பிறகு அமுக்கி விட்டார். ஒருதரம் எழும்பி அப்படியே இருந்தது.

எனக்கு ஆசை அங்கே நிற்கவில்லை. கராஜ் மூலையில் அடிபட்டு வந்த புதுப் பல்சர் ஒன்று சாய்ந்து கிடந்தது. 2018க்குப் பிறகு வந்த, இரண்டு சில்லுக்கும் டிஸ்க் உள்ள 150. சேசிஸ் வளைந்துவிட்டது, முன் சொக் இரண்டும் சுகமாக இருந்தன.

"அண்ணை, அதையும் கழற்றிப் பூட்டினால் என்ன?"

முன் சொக் குழாய்களின் குறுக்களவைப் பார்க்க வேர்ணியர் வந்தது. "உம்மடது 31, உது 37."

"ஆறு மில்லிமீற்றர்தானே?"

"ஆறுதான். குழாய் ஒரே தடிப்பெண்டால் விறைப்பு ஒண்டே முக்கால் மடங்குக்குக் கிட்ட. நல்ல சாமான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் உம்மட கிளாம்புக்குள்ள உது போகாது. கிளாம்பு மேலயும் கீழயும் மாத்தோணும், அச்சு மாத்தோணும், மட்காட், சில்லு, டிஸ்க், எல்லாம் மாத்தோணும். அந்தச் சில்லு 17. உம்மட பின் சில்லு 18. மூக்கை நிலத்தில குத்திக்கொண்டு போவீர்."

கணக்குப் பார்த்தேன். அரைச் சைக்கிள் வாங்குகிற கணக்கு. விட்டுவிட்டேன். முன்னுக்குப் புது ஒயில் சீல் போட்டு, பத்தாம் இலக்க எண்ணெயை வடித்து, அதைவிடத் தடித்த இருபதாம் இலக்கத்தை விட்டார். சிரிஞ்சால் அளந்துதான். இரண்டு காலிலும் ஒரேயளவு இருக்கவேண்டுமாம். ஸ்பிறிங்குக்கு மேலே அரை அங்குலத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் குழாய்த் துண்டும் வைத்தார். ஏழைகளின் விறைப்பு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: "அந்தக் குப்பியை ஒருநாளும் வெல்டிங்காரனுக்குக் கிட்டக் கொண்டுபோகாதையும். உள்ளுக்கு அமுக்கத்தில காஸ் இருக்கு."

மறுநாள் விடியவே வெளிக்கிட்டேன். கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன், திரும்பக் கிளிநொச்சி. கிட்டத்தட்ட 140 கிலோமீற்றர். புதுச் சாமான் பூட்டின வண்டி முறிகண்டியைச் சும்மா கடந்துபோனால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டா. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். அதுவரை வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் கூடாது, அது ஏ9.

மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஏ34. காலபோக வெட்டு முடிந்த நேரம். றோட்டின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல்லுக் காயவைத்திருந்தார்கள். மறுபாதியால் பஸ் வரும், மாடு வரும், நானும் வரவேண்டும். கரையில் இறங்கி ஏறுகிற இடங்களில் முந்தி முதுகெலும்பில் ஒரு இடி விழும். இப்போது பின் சில்லு பூனை மாதிரி இறங்கி ஏறியது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரை வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு, முத்தையன்கட்டுப் பக்கம் கிறவலில் இறங்கினேன். வந்ததே இதற்குத்தான். பாலையும் வீரையும் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்க, நடுவில் சிவப்பு நெளிதகரம். பழைய சொக்கோடு 25க்கு மேல் போனதில்லை. 40இல் போனேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், சொக் தளரவில்லை. யானை இலத்தி ஒன்று றோட்டு நடுவில் ஈரமாகக் கிடந்தபோது மட்டும் 50.

பிறகு ஒரு சத்தம். கிறீச், கிறீச். நிறுத்திப் பார்த்தால், மாமா பின்னுக்குப் பூட்டியிருந்த கரியரின் இரும்புக்கால் இடப்பக்கக் குப்பியில் உரசி, கறுப்புப் பெயின்ற் வழித்திருந்தது. கராஜில் ஆள் ஏறாமல் பார்த்தோம். பாரம் ஏறி முழுக்க அமுங்கும்போது முட்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேர்ணியர்க்கார அண்ணைக்கும் தோன்றவில்லை. காஸ் குப்பியைப்பற்றி அவர் சொன்னது ஞாபகம் வர வயிறு கலங்கியது. என்னிடம் ஸ்பனர் இல்லை. வயலுக்குள் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தோடு நின்ற ஐயா ஒருவர் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, போத்தல் ஒண்டு கட்டி வைச்சிருக்கிறீர்?"

"காஸ் சொக், ஐயா."

"சமைக்கிறதோ?"

பன்னிரண்டாம் இலக்க ஸ்பனர் தந்தார். கரியர் முழுவதையும் கழற்றி அவருடைய கொட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்தமுறை வந்து எடுக்கச் சொன்னார். கச்சான் சரையை அவர் கையில் கொடுத்தேன்.

முல்லைத்தீவில் மீன்குழம்போடு சாப்பாடு. அங்கிருந்து ஏ35. வட்டுவாகல் பாலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒடுக்கம், மேடு பள்ளம், இரண்டு பக்கமும் நந்திக்கடல் தண்ணீர். பின் சொக் தந்த தைரியத்தில் வழமையைவிட வேகமாக ஏறிவிட்டேன். முதல் பள்ளத்திலேயே முன் சொக் அடிமட்டத்தில் போய் "டொக்" என்று இடித்தது, இரண்டு மணிக்கட்டும் விறைத்துப்போயின. பின் சில்லு அதே பள்ளத்தைச் சத்தமில்லாமல் கடந்தது. இருபது வருசமாக முன்னும் பின்னும் ஒரேயளவு மோசமாக இருந்தபடியால் மாமாவும் நானும் மெதுவாக ஓடினோம், முன்பக்கத்தின் குறை வெளியில் வரவேயில்லை. அரை அங்குலப் பிளாஸ்ரிக் குழாயால் அதை மூடிவைக்க முடியாது. பாலத்தின் மிச்சத்தைப் பழைய வேகத்தில் கடந்தேன்.

முள்ளிவாய்க்காலில் ஓரிடத்தில் நிறுத்தி இறங்கினேன். அது வேறு கட்டுரை.

பரந்தனுக்கு வந்தபோது பொழுதுபட்டுவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே கராஜுக்கு விட்டேன். அண்ணை கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"பின்னுக்கு எப்பிடி?"

"பின்னுக்குச் சோக்கு. அண்ணை, அந்த அடிபட்ட சைக்கிளின்ர முன்பக்கம்... கிளாம்பு, அச்சு, சில்லு எல்லாத்தோடையும் என்ன விலை சொல்லுவினம்? பின் சில்லையும் 17 ஆக்கினால்?"

"அதோ? மத்தியானம் விசுவமடுப் பெடியன் ஒருத்தன் கழட்டிக்கொண்டு போட்டான்."