அம்மிச்சி பார்க்காத ஏரோப்ளேன்

அம்மிச்சிக்கு, அதாவது என் அம்மாவைப் பெற்றவருக்கு, வயது 78. முட்டி ரெண்டும் தேய்ந்து பல வருசமாகிறது. ஹைதராபாத்தில் பேத்திக்கு வளைகாப்பு என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏரோப்ளேனு ஏணிக்கு எத்தன படி கண்ணு?” டிவியில் தலைவர்கள் படியில் நின்று கையாட்டுவதைப் பார்த்த பயம். “படியே இல்லீங்க அம்மிச்சி. திண்ணையில இருந்து ஊட்டுக்குள்ள போறாப்பல போயரலாம்” என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

காங்கயத்தில் இருட்டோடு கிளம்பினோம். சூலூர் வந்ததும் அம்மிச்சி கார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி, கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. கோவை பீளமேட்டில் விமான நிலையம் வந்தது 1940இல். அம்மிச்சியை விட மூத்தது. ஆனால் சித்ரா ஸ்டாப்பில் திரும்பி அதற்குள் கால் வைக்க அவருக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சக்கர நாற்காலிக்காரர்களை முதலில் விடுவார்கள். அதனால் ஏரோபிரிட்ஜ், அதாவது நிலையத்தில் இருந்து விமானக் கதவுக்குப் போகும் மூடிய பாலம், காலியாகக் கிடைத்தது. எனக்குக் கணபதியில் லேத் பட்டறை. இப்படியொரு மெஷினுக்குள் நுழைந்தால் கண் தானாகச் சுவரைத் தடவும். ஒரு கூண்டுக்குள் இன்னொரு கூண்டு, தானியம் அளக்கும் வள்ளத்துக்குள் சின்ன அளவான படியைப் போட்டு வைப்பது போல. கட்டடத்தோடு சேரும் முனை ஒரு வட்டக் கூடம், அங்கிருந்துதான் மொத்தப் பாலமும் திரும்புகிறது. விமானத்துப் பக்கக் கோடியைச் சக்கரம் வைத்த கால்கள் தாங்குகின்றன. அவை தரையில் ஓடி, பாலத்தை நீட்டிக் கொண்டுபோய் விமானத்தின் இடப்பக்கக் கதவில் சேர்க்கும். வலப்பக்கம் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கும் எண்ணெய் வண்டிக்கும். எங்கள் ஊர் வீடுகளில் முன்வாசல் விருந்தாளிக்கு, புழக்கடை வேலைக்கு என்கிற அதே கணக்கு.

அம்மிச்சிக்குப் பிடித்தது கடைசியில் இருந்த மடிப்புத் துணி. விமானத்தின் உடம்போடு ஒட்டிக்கொண்டு மழையும் வெயிலும் புகாமல் தடுப்பது. “கூண்டு வண்டியாட்டவே இருக்குது” என்றார்.

எனக்குப் பிடித்தது வேறு. பாலத்தை ஓட்டுகிற தம்பி ஜாய்ஸ்டிக் பக்கத்தில் நின்றிருந்தார். பட்டறைக்காரன் உரிமையில் கேட்டேன், “ஏனுங்க தம்பி, ஆளும் பெட்டியும் ஏற ஏற ஏரோப்ளேனு அமுங்குமே, பாலம் என்ன பண்ணும்?” வெளியே விமானத்தின் மேல் அழுந்தி நிற்கும் ஒரு குட்டிச் சக்கரத்தைக் காட்டினார். விமானம் அரை அங்குலம் இறங்கினாலும் அந்தச் சக்கரம் உருளும். அது உருண்டால் மோட்டார் பாலத்தை அதே அளவு இறக்கும். சனம் இறங்கி விமானம் மேலெழுந்தால் பாலமும் எழும். இல்லாவிட்டால் திறந்திருக்கும் கதவு பாலத்தின் தரையில் மாட்டி நசுங்கிவிடும். லட்சக்கணக்கில் சென்சார் வாங்கும் இந்தக் காலத்தில், தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒரு சக்கரம்! நின்று ரசித்ததில் பின்னால் வந்தவர் என் மேல் மோதிவிட்டார்.

இன்னொன்று. பல ஊர்களில் இந்தப் பாலத்துக்கு அடியிலேயே கரண்டும் தொங்கும், விமானம் தன் சொந்த எஞ்சினை ஓடவிட்டு எண்ணெயை எரிக்காமல் இருக்க. அது நம் பட்டறைக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் அல்ல, 400 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்கிற கணக்கு. அது கூடினால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சின்னதாகும், எடை குறையும். பறக்கிற வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தானே.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெல்ட் போட்டுவிட்டேன். பத்து நிமிசம் கழித்து அம்மிச்சி என் கையைத் தட்டினார். “இங்க எத்தன நேரம் உக்கார வெப்பாங்க? ஏரோப்ளேனுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?”

“இதானுங்க அம்மிச்சி ஏரோப்ளேனு.”

நம்பவில்லை. ஹாலில் இருந்து கூண்டு, கூண்டில் இருந்து நாற்காலி வரிசை. வெளியே எந்த இடத்திலும் அதன் மூக்கோ இறக்கையோ கண்ணில் படவே இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஏழு வகைச் சோறு.

திரும்பும்போது கோவையில் வம்பு. பாலம் உண்டு என்று தலையாட்டிய நிறுவனம், விமானத்தைத் தள்ளி நிறுத்திவிட்டது. பாலத்துக்கு நிலையம் தனி வாடகை வாங்கும். அதோடு முன்கதவு பின்கதவு இரண்டையும் திறந்துவிட்டால் சனம் சீக்கிரம் இறங்கும், விமானம் சீக்கிரம் திரும்பும். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லவேளை, படிக்குப் பதில் சாய்தளம் போட்டிருந்தார்கள். நாற்காலி வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மிச்சி மெல்ல நடந்தே இறங்கினார்.

தரைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மூக்கில் இருந்து வால் வரை ஒரு பார்வை. அப்புறம் இறக்கைக்கு அடியில் இருந்த சக்கரத்தைக் காட்டினார்.

“நம்ம டிராக்டரோட பின் டயரே இதைவிடப் பெருசு கண்ணு. இத நம்பியா இத்தன சனத்த ஏத்தறாங்க?”

“பாட்டிம்மா, இங்க நிக்கக் கூடாதுங்க” என்று ஒரு பையன் ஓடி வந்தான்.

“சித்த இரு சாமி, போறப்பத்தான் பாக்கல” என்றவர், குனிந்து அந்தப் பக்கத்துச் சக்கரம் எத்தனை பெரிசு என்றும் பார்த்தார்.