மரக்கிடங்கில் பிறந்த ரேஸ் கார்

இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பழைய ரேஸ் கார்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற இடம். முதலாளி, அவர் மனைவி, மகன், ஒரு ஃபிட்டர், நான். அவ்வளவுதான் ஆட்கள். சேர்ந்த முதல் வாரமே எனக்கு அந்த இடம் பழகிவிட்டது. கோவை கணபதியில் அப்பா நடத்திய லேத் பட்டறையும் அப்படித்தான் இருந்தது. அப்பா லேத்தில் நிற்பார். அம்மா சமையலை முடித்துவிட்டு வந்து, எந்தக் கம்பெனிக்கு எத்தனை பீஸ் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

சர்ரே பட்டறையில் டீ வேளைகளில் அடிக்கடி வந்த பெயர் கென் டிரெல், தன் பெயரிலேயே ஒரு ஃபார்முலா ஒன் ரேஸ் அணி நடத்தியவர். அவருடைய இடமான ஓக்கம் கிராமம் அதே சர்ரேயில்தான் இருக்கிறது. அவர் மர வியாபாரி. 1951இல் ஊர்க் கால்பந்து அணியோடு சில்வர்ஸ்டோனுக்கு வேடிக்கை பார்க்கப் போனவருக்கு, அங்கே ஓடிய 500 சிசி கார்கள் மேல் ஆசை பிடித்துவிட்டது. கூப்பர் என்ற கம்பெனியின் ரேஸ் கார் ஒன்றை வாங்கி ஓட்டினார். சில வருடங்களில் தன் கை ஓட்டுவதற்கு அல்ல, ஓட்டுபவர்களை நடத்துவதற்கு என்று கண்டுகொண்டார். அது எல்லோருக்கும் வாய்க்கிற தெளிவு இல்லை. 1964இல் குட்வுட் தடத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்து இளைஞரை காரில் உட்கார வைத்துப் பார்த்தார். அன்று அதே காரில் அனுபவமுள்ள ரேஸ் ஓட்டுநர் புரூஸ் மெக்லாரன் எடுத்த நேரத்தை அந்தப் பையன் முந்திவிட்டான்.

1968இல் பிரெஞ்சுக் கம்பெனியான மாட்ராவின் கார், ஃபோர்டு காஸ்வொர்த் எஞ்சின் என்று சேர்த்து ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார்கள். 1969இல் ஸ்டூவர்ட் உலக சாம்பியன். ஆனால் அடுத்த வருடம் ஃபோர்டு எஞ்சினோடு ஓட மாட்ரா சம்மதிக்கவில்லை. கென் எஞ்சினை விடவில்லை, காரை விட்டார். மார்ச் என்ற கம்பெனியிடம் கார் வாங்கி ஓட்டிக்கொண்டே, டெரிக் கார்ட்னர் என்ற பொறியாளரிடம் ரகசியமாக ஒரு காரை வரையச் சொன்னார். கார்ட்னர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து அதை வரைந்தார். கார் உருவானது ஓக்கம் மரக்கிடங்கில், ஒரு மரக் கொட்டகைக்குள். வெளியே மரக்கட்டைகள், உள்ளே டிரெல் 001.

1970 செப்டம்பர், கனடா கிராண்ட் பிரி. அந்தக் கார் முதல் இடத்திலிருந்து கிளம்பி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் முறிந்தது. இதைக் கேட்டபோது என் வயிற்றில் ஏதோ செய்தது. ஸ்டப் ஆக்ஸில் லேத்காரன் செய்கிற சாமான். பதினெட்டு வயதில் அப்பாவின் பட்டறையில் ஒரு ஷாஃப்ட்டில் படி இறக்கும் இடத்தில், டிராயிங்கில் கேட்டிருந்த வளைவை விடாமல் கூர் மூலையாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அளவெல்லாம் சரி, பார்க்கப் பளபளப்பு. இரண்டு மாதத்தில் அந்த மூலையிலிருந்தே விரிசல் ஓடி முறிந்து வந்தது. அப்பா திட்டவில்லை. முறிந்த துண்டை என் டூல் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார். கனடாவில் முறிந்ததற்கு என்ன காரணமோ, அன்றிரவு அந்தக் கொட்டகைக்காரர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறு வருடமே, 1971இல், ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் அந்தக் கொட்டகைக்கு வந்தன.

இதில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கென்னின் மனைவி நோரா. தானியங்கி நேரக் கணக்கு வராத காலம். ஸ்டாப்வாட்சோடு, கார்களைப் பழுது பார்க்கிற இடமான பிட் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் கார் எந்த வரிசையில் கோட்டைக் கடக்கிறது என்று எழுத வேண்டும். ஒரே ஒரு காரைத் தவறவிட்டால் போதும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் பிசகிவிடும். மழையிலும் புகையிலும் இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. நோரா அதை வருடக்கணக்காகச் செய்தார், ஆட்களின் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டார். கோப்பைகளில் பொறித்த பெயர்களில் அவர் பெயர் கிடையாது. அம்மாவின் நோட்டு ஞாபகம் வராமல் இதை என்னால் யோசிக்க முடிவதில்லை. அப்பாவின் லேத் ஓடியது கரண்டில் மட்டுமில்லை, அந்த நோட்டிலும்தான்.

1973இல் ஸ்டூவர்ட் மூன்றாவது பட்டம் வென்றார். கடைசிப் பந்தயம் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென். பயிற்சியின்போது, தம்பி போலப் பழகிய அணித் தோழர் பிரான்சுவா செவேர் விபத்தில் இறந்தார். அணி பந்தயத்திலிருந்து விலகியது. ஓடியிருந்தால் அது ஸ்டூவர்ட்டின் நூறாவது கிராண்ட் பிரி. அவர் அதன் பிறகு பந்தயம் ஓட்டவே இல்லை.

அப்புறம் வந்தது ஆறு சக்கரக் கார், பி34. முன்னால் பத்து அங்குலச் சின்னச் சக்கரங்கள் நான்கு. காற்றில் மோதும் பரப்பைக் குறைக்கிற யோசனை. 1976 ஸ்வீடனில் முதல் இரண்டு இடமும் அதற்கே. ஆனால் அந்த அளவு டயர் உலகத்தில் இந்த ஒரு அணிக்கு மட்டும்தான் தேவை. மற்ற டயர்கள் முன்னேற, அந்தச் சின்ன டயர் பின்தங்கிவிட்டது. சின்னப் பட்டறைக்கு இது பழகிய வலி. நம் மூளையில் உதித்தது நம் கையில் நின்றாலும், அதற்கான சரக்கு இன்னொருவன் கையில் இருக்கும்.

பிறகு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி சக்தியைக் கூட்டுகிற டர்போ எஞ்சின்களின் காலம். டர்போ வாங்கப் பெரிய கம்பெனிகள் பின்னால் நிற்க வேண்டும். 1983 டெட்ராய்ட்டில் மிக்கேல் அல்போரெட்டோ வென்றதே அணியின் கடைசி வெற்றி. 1984இல், காரின் எடையைக் கூட்டுகிற ஈயக் குண்டுகள் அதன் தண்ணீர்த் தொட்டியில் இருந்த விவகாரத்தில், அந்த வருடப் புள்ளிகள் மொத்தமும் பறிக்கப்பட்டன. தப்பே நடக்கவில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் டர்போ இல்லாமல் எஞ்சியிருந்த ஒரே அணிக்கு ஒரு வருடத்தையே அழித்தது கனமான தண்டனை என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகும் அவர்கள் யோசிப்பதை நிறுத்தவில்லை. 1990இல் மூக்கைத் தூக்கி, அடியில் காற்று போக வழிவிட்ட 019 அவர்களுடையதுதான். பிறகு மற்ற அணிகளின் மூக்கும் மேலே போயிற்று.

1997 கடைசியில் அணியை ஒரு சிகரெட் கம்பெனியின் பணத்தில் வந்தவர்கள் வாங்கினார்கள். 1998க்கு ஓட்டுநராக யோஸ் வெர்ஸ்டாப்பனை வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் கென். புது உரிமையாளர்கள் ரிக்கார்டோ ரோசெட்டை எடுத்தார்கள். சீசன் தொடங்கும் முன்பே கென் வெளியேறிவிட்டார். அந்த வருடத்தோடு டிரெல் என்ற பெயரும் போனது. அதன் இடம் பி.ஏ.ஆர்., ஹோண்டா, பிரான் என்று கை மாறி 2010இல் மெர்சிடிஸ் ஆனது. கென் 2001இல் காலமானார்.

அவர் வெளியேறியதை நான் முதலில் கேட்டபோது, வித்த பிறகு இவருக்கு என்ன உரிமை என்றுதான் தோன்றியது. அப்பா பட்டறையை விற்றபோதுதான் விளங்கியது. முப்பது வருடம் எங்களோடு லேத்தில் நின்ற அண்ணனை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அப்பா கேட்டார். வாங்கியவர் தலையாட்டினார். நான்கு மாதத்தில் அந்த அண்ணனை அனுப்பிவிட்டார்கள். அப்பா அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிக்கொண்டு போவார்.

அந்த மரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய் குட்வுட்டில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். லீவில் ஊருக்கு வந்தபோது அதன் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தம்மா எங்க உக்காந்து எழுதுவாங்க?" என்று கேட்டார்.