மேடையில் நின்ற மற்ற மூன்று பேர்

2022 மார்ச்சில் அட்லாண்டாவில் எடுத்த ஒரு படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் நீச்சல் போட்டி, 500 யார்டு ஃப்ரீஸ்டைல் பரிசு மேடை. முதலிடத்தில் லியா தாமஸ் தனியாக நிற்கிறார். அவர் ஒரு திருநங்கை. சற்றுத் தள்ளி எம்மா வெயன்ட், எரிகா சல்லிவன், புரூக் ஃபோர்ட் மூவரும் ஒட்டி நின்று சிரிக்கிறார்கள். திருநங்கையோடு நிற்க மறுத்துப் பெண்கள் செய்த போராட்டம் என்று சொல்லித்தான் அந்தப் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது.

அந்த மூன்று பேரும் யார்? இரண்டு, மூன்று, நான்காம் இடம் பிடித்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அணியில் போய், மூவருமே வெள்ளியோடு திரும்பியவர்கள். பழைய தோழிகள் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் எரிகா சல்லிவன், லியாவுக்கு ஆதரவாகத் தன் பெயரிலேயே கட்டுரை எழுதியவர். அவர் முகத்தையே லியாவுக்கு எதிரான படமாக ஓட்டிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும், பெண்கள் யாருக்கும் வருத்தமே இல்லை என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதுவும் பொய். லியாவின் சொந்தப் பல்கலைக்கழக அணியிலேயே 16 பேர், இது நியாயமில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். பெயர் வெளியே வந்தால் வேலை வாய்ப்பு போய்விடுமோ என்று பயந்து பெயர் போடாமல் கொடுத்தார்கள். 200 யார்டில் லியாவோடு ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட ரைலி கெய்ன்ஸ் அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் எதிர்ப்புச் சொல்கிறார். பக்கத்து லேனில் நீந்திய பெண்களிடமே இத்தனை விதமான கருத்து இருக்கிறது. செய்தியில் அவர்கள் ஒரு படமாக மட்டும் வருகிறார்கள். யாரும் மைக்கை அவர்கள் பக்கம் திருப்புவதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நான் திருச்சியில் பி.டி. டீச்சர். கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவள். நான்காவதாக வருவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் பிரிவு நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

ஆண்களின் 800 மீட்டர் உலக சாதனை 1:40.91. டேவிட் ருடிஷா 2012ல் லண்டனில் ஓடியது. பெண்களுடையது 1:53.28, யர்மிலா கிராட்டோச்விலோவா 1983ல் ஓடியது, இன்னும் யாரும் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் 12 வினாடிக்கு மேல் இருக்கிறது. எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இந்த இடைவெளி மூடாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எலும்பிலும் தசையிலும் ரத்தத்திலும் செய்துவிடும் வேலை அது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்ததே இதற்காகத்தான். அதனால் ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் சர்வதேசப் பெண்கள் பிரிவில் போட்டியிட முடியாது என்று 2022 ஜூனில் உலக நீச்சல் சம்மேளனமும், 2023 மார்ச்சில் உலகத் தடகள சம்மேளனமும் எடுத்த முடிவில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பள்ளி மைதானத்துக்கு அதே கண்டிப்பைக் கொண்டுவருவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஓட வருவது பதக்கத்துக்காக மட்டும் இல்லை.

சரி, இந்தக் கருத்து உள்ள நான் செய்தியில் எதிர்பார்ப்பது என்ன? முழு விவரம். லியா 500 யார்டை 4:33.24ல் முடித்தார், இரண்டாவது வந்த எம்மாவை விட ஒன்றே முக்கால் வினாடி முன்னால். 2017ல் கேட்டி லெடெக்கி வைத்த சாதனை 4:24.06; லியா அதற்கு ஒன்பது வினாடி பின்னால். அடுத்த நாள் 200 யார்டில் ஐந்தாம் இடம், மூன்றாம் நாள் 100 யார்டில் எட்டாம் இடம். சாதனைகளை எல்லாம் துடைத்துப் போட்டுவிட்டார் என்று எழுதியவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். அதே லியா பெண்ணாக மாறுவதற்கு முன் ஐவி லீக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழுவின் ஆண்கள் போட்டியில் 500, 1000, 1650 யார்டு மூன்றிலும் இரண்டாவதாக வந்தவர். அனுதாபத்தோடு எழுதியவர்கள் பலர் அதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினார்கள், சிலர் எழுதவே இல்லை.

ஆராய்ச்சியை எழுதுவதிலும் இதே கதைதான். அமெரிக்க விமானப்படையில் ஹார்மோன் சிகிச்சை எடுத்த திருநங்கைகள் 46 பேரின் உடற்தகுதிக் கணக்குகளை வைத்து 2020 கடைசியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு புஷ்-அப், சிட்-அப்பில் மற்ற பெண்களோடு வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் இன்னும் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். பாதியை வெட்டி எழுதினால் எந்தத் தரப்புக்கும் வசதியான செய்தி கிடைக்கும். அதில் இருந்தவர்கள் ராணுவ வேலை பார்ப்பவர்கள், போட்டி வீராங்கனைகள் இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் இது இன்னும் மோசமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பெண்கள் குத்துச்சண்டையில் அல்ஜீரியாவின் இமானே கெலிஃப் அடித்த அடியில் இத்தாலியின் ஏஞ்சலா கரினி 46 வினாடியில் விலகினார். அன்று இரவுக்குள் கெலிஃப் ஒரு திருநங்கை என்று உலகம் முழுக்க எழுதியாகிவிட்டது. அவர் திருநங்கை இல்லை. பெண்ணாகவே பதிவாகி, பெண்ணாகவே வளர்ந்து, டோக்கியோவில் பெண்கள் பிரிவில் காலிறுதியில் தோற்று வெளியேறியவர். 2023ல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில், பாலினத் தகுதிச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லி அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது வேறு விவகாரம். பாஸ்டன் குளோப் மாதிரி ஒரு பெரிய பத்திரிகையே தலைப்பில் திருநங்கை என்று அச்சடித்து, பிறகு மன்னிப்புக் கேட்டது. எதிராளியிடம் மன்னிப்புக் கேட்க விரும்புவதாக கரினியும் இத்தாலியப் பத்திரிகையில் சொன்னார். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி, செங்கல் சூளையில் வேலை செய்தவர்களின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2:03.16ல் ஓடி வெள்ளி வாங்கினார். எங்களுக்கெல்லாம் அந்த நேரம் கனவு. அவரும் திருநங்கை இல்லை. பிறவியிலேயே உடலின் உள்ளமைப்பில் ஒரு வேறுபாடு, அவ்வளவுதான். ரகசியமாக இருந்திருக்க வேண்டிய பாலினப் பரிசோதனை முடிவு செய்தியாகக் கசிந்து, பதக்கமும் போய், ஊரும் உலகமும் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசியது. சில வருடங்களில் அவரும் சூளைக்கே வேலைக்குப் போனார்.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான் ஒரு மாவட்ட மீட்டில் நடந்த விஷயம் என்னை அப்படி உலுக்கியது. என் பிள்ளை ஒருத்தி, நல்ல உயரம், கட்டையான குரல், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். 400 மீட்டர் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், தனியாக முன்னால் வந்தாள். கேலரியில் இருந்த ஒரு அம்மா இறங்கி வந்து, "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, அது பொம்பளப் புள்ளதானா?" என்று கேட்டார். அவர் மகள் அதே ஹீட்ஸில் ஓடியவள், அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மாவின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிந்தது. பதில் சொல்லி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு நிருபர் கேமராவோடு வந்துவிட்டார். "மேடம், சர்ச்சைன்னு சொல்றாங்க, பாப்பா போட்டோ ஒண்ணு" என்றார். என் பிள்ளை அப்போது ஸ்பைக்ஸைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், எல்லாமே காதில் விழும் தூரம். "தம்பி, டைமிங் வேணும்னா எழுதிக்கங்க, அவ போட்டோ கிடையாது" என்று முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சண்டை போடவில்லை, டைமிங்கை எழுதிக்கொண்டு போனார்.

இப்போது 2025 செப்டம்பர் 1 முதல் தடகளத்தின் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்ஆர்ஒய் மரபணுப் பரிசோதனை கட்டாயம். கருவில் ஆண் உடலமைப்பைத் தொடங்கிவைக்கும் மரபணு அது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது ரத்தம். வாழ்நாளில் ஒரு தடவை. விதி சரியா தவறா என்று டிவியில் கத்திக்கொண்டே இருக்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் அந்த நிலைக்கு வந்தால் செலவு யாருடையது, முடிவு முதலில் யார் கைக்குப் போகும், அது வெளியே போகாமல் யார் பார்த்துக்கொள்வார்கள், எதிர்பாராத முடிவு வந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் பேசுவாரா, கிளார்க் போன் செய்வாரா? அந்த நிருபர் தம்பி இப்போதும் மீட்டுக்கு வருகிறார். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தடகளச் சங்கத்தில் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.