வாசலில் மணல் மூட்டை: எத்தனை, எப்படி, எதுவரை

டெல்டாவில் வெள்ளம் பாய்ந்து வந்து அடித்துப் போவதைவிட, வந்து நிற்பதே அதிகம். நிலம் தட்டை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் வடிகால் வாங்காது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. கொட்டியது; அப்படிப்பட்ட மழை விட்ட பிறகும் தண்ணீர் வடிய நாள்கணக்காகும். அதனால் வாசல் தடுப்பு ஒரு மணி நேரம் தாங்கினால் போதாது.

காலி சிமெண்டு சாக்கு போதும். அதைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெரும்பாலான தடுப்புகள் ஒழுகுவதே இதனால்தான்: வாய்வரை திணித்த மூட்டை உருண்டு நிற்கும், பக்கத்து மூட்டையோடு ஒட்டாது. பாதி நிரப்பினால் சுமார் 25 கிலோ, மிதித்தால் படியும். வாயைக் கட்டாமல் மடித்து அடியில் கொடுங்கள். உள்ளே மணலோ சவுடோ போடலாம். திருவாரூர், நாகைப் பக்கத்துக் களிமண் காய்ந்தால் கட்டி கட்டியாகி, மூட்டைக்குள் பொந்து விழும். ஆனால் அதே களிமண்ணை நீர் விட்டுப் பிசைந்து சிமெண்டுத் தரையில் அப்பி, அதன்மேல் முதல் அடுக்கை வைத்தால் அடிக்கசிவு பெருமளவு நிற்கும். உமி வேண்டவே வேண்டாம், மிதக்கும்.

மூன்றரை அடி வாசலுக்குக் கணக்கு இது. இரு பக்கமும் சுவரை ஒட்டி ஒன்றரை அடி கூட்டினால் நீளம் ஆறரை அடி, வரிசைக்கு நான்கு மூட்டை. ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்து அடுக்கு: கீழே இரண்டு அடுக்கு மூன்று வரிசையாக, அதன்மேல் இரண்டு அடுக்கு இரண்டு வரிசையாக, உச்சியில் ஒரே வரிசை. மொத்தம் 44 மூட்டை, ஒரு டன்னுக்கு மேல் மணல். அடி அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கட்டும். செங்கல் கட்டுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் மிதியுங்கள்.

நெல் மூடும் தார்ப்பாயைத் தண்ணீர்ப் பக்கம் போர்த்துங்கள். இழுத்துக் கட்டினால் நீரழுத்தத்தில் கிழியும். தொளதொளவென்று விட்டு, கீழ் ஓரத்தை இரண்டடி தரையில் பரப்பி அதன்மேல் மூட்டை வையுங்கள். இதற்குத் தனியாகப் பத்து மூட்டை.

வாசலை அடைத்தவர்கள் கழிவறையை மறந்துவிடுகிறார்கள். செப்டிக் டேங்க் நிரம்பினால் தண்ணீர் கோப்பை வழியே மேலே வரும். தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி கோப்பைக்குள் அழுத்தி, மேலே இன்னொரு மூட்டை ஏற்றுங்கள். குளியலறைத் தரைத் துளைக்கும் இதே வைத்தியம்.

இவ்வளவு செய்தும் கசியும். உள்பக்கம் தண்ணீர் சேரும் தாழ்வான இடத்தில் வாளியோ சிறு பம்போ தயாராக இருக்க வேண்டும். மெயினை அணைத்துவிடுவதால் மின்பம்பை நம்பக் கூடாது; வயலுக்கு இறைக்கும் ஆயில் எஞ்சின் இருந்தால் அதை வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். அதன் புகை மூடிய வீட்டுக்குள் உயிரை எடுக்கும்.

வெளியே மூன்றடி ஏறினால் போராட்டத்தை நிறுத்துங்கள். உயரம் இரட்டித்தால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்: ஒன்றரை அடி நீர் ஒரு மீட்டர் நீளச் சுவரைச் சுமார் 100 கிலோ விசையோடு தள்ளும், மூன்றடி நீர் 400 கிலோவோடு. உள்ளே நீரை விட்டால் இருபுறமும் சமமாகிச் சுவர் நிற்கும். மண் சுவர் வீட்டுக்கு இந்த வரம்பும் பொருந்தாது. அடிச்சுவர் ஊறத் தொடங்கியதுமே எல்லோரும் வெளியேறிவிட வேண்டும்.