வெளியே போய் நிற்கலாமே என்பவர்களுக்கு

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பிரார்த்தனை நடத்தலாமா என்ற சண்டை ஓய்வதாக இல்லை. விருப்பமில்லாத பிள்ளை வெளியே போய் நிற்கட்டுமே என்கிறார்கள். 1962-இல் நியூயார்க் வழக்கிலும் இதே வாதம்தான். வெறும் 22 சொல் பிரார்த்தனை, எந்த மதத்தின் பெயரும் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனாலும் கூடாது என்று 6-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம்.

என்னைக் கேட்டால் அதுதான் நியாயம். மொத்த வகுப்பும் தலைகுனிந்து நிற்கும்போது, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் நாற்காலியை நகர்த்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதை நினைத்துப் பாருங்கள். மார்க் போடும் டீச்சர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இது விருப்பமா?

பள்ளியில் கடவுளுக்கே தடை என்று கிளப்பிவிடுவதும் தப்பு. பரீட்சைக்கு முன்னால் மாணவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டால் யாரும் தடுக்க முடியாது. அப்புறம் 2022-இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்ட பள்ளிப் பயிற்சியாளருக்கும் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அணியில் இடம் கிடைக்குமா என்று தவிக்கும் பையன், பக்கத்தில் போய் மண்டியிடாமல் இருப்பானா?