மண்டலத்தைப் படிப்பது எப்படி?

பௌத்த மண்டலத்தை அழகான வண்ண வட்டம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அது ஒரு மாளிகையின் தரைப்படம். நடுவில் ஒரு புத்தர் அல்லது தெய்வம், சுற்றிலும் பரிவாரம், நான்கு திசையிலும் வாசல். சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்கிறோமே, அதே சொல்தான். அர்த்தசாஸ்திரமும் அரசனைச் சூழ்ந்த நட்பு, பகை நாடுகளை மண்டலம் என்றே சொல்கிறது. மையத்தில் ஒருவர், அவர் ஆட்சிக்குட்பட்ட சுற்றுவெளி என்ற எண்ணம் பௌத்தத்திலும் அப்படியே இருக்கிறது. திபெத்தியர் இதைக் கியில்கோர் என்பார்கள். மையமும் சுற்றும் என்று பொருள்.

படிக்கத் தொடங்கும்போது வடக்கை மேலே தேடாதீர்கள். கிழக்கு கீழே, உங்கள் பக்கம் இருக்கும். நீங்கள் கிழக்கு வாசலில் நிற்கிறீர்கள். இடப்புறம் தெற்கு, மேலே மேற்கு, வலப்புறம் வடக்கு. வாசல் தோரணங்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடப்பதுபோல் தெரிவது பலரைக் குழப்பும். பெட்டியின் நான்கு பக்கங்களையும் தரையில் விரித்துப் போட்டதாக நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். மாளிகைச் சதுரத்துக்கு வெளியே தாமரை இதழ்கள், வஜ்ர வேலி (வஜ்ராயுத வடிவங்களாலான வேலி), கடைசியில் தீ வளையம். உக்கிர தெய்வங்களுக்குரிய மண்டலங்களில் எட்டுச் சுடுகாடுகளும் சேரும்.

நிறத்தை வைத்துத் திசையைச் சொல்லும்போது கவனம் தேவை. ஐந்து புத்தர்களில் வெண்ணிற வைரோசனர் நடுவில் என்றால் கிழக்கே நீல அட்சோபியர், தெற்கே மஞ்சள் ரத்னசம்பவர், மேற்கே சிவப்பு அமிதாபர், வடக்கே பச்சை அமோகசித்தி. அட்சோபியர் நடுவுக்கு வந்தால் வைரோசனர் கிழக்கே போய்விடுவார். காலசக்கரம் என்ற தெய்வத்துக்குரிய மண்டலத்திலோ கணக்கே வேறு: கிழக்கு கறுப்பு, தெற்கு சிவப்பு, மேற்கு மஞ்சள், வடக்கு வெள்ளை. ஆகவே முதலில் மையத்தைப் பாருங்கள்.

காலசக்கர மண்டலத்தில் 722 தெய்வங்கள். திபெத்தியத் துறவிகள் இத்தனையையும் வண்ண மணலில் அமைப்பதற்கு முன் தச்சர் நூல் அடிப்பதுபோல் சுண்ணப்பொடி தோய்த்த நூலால் கோடு போடுவார்கள். நடுவில் வெட்டிக்கொள்ளும் இரண்டு அச்சுக் கோடுகள், இரண்டு மூலைக்கோடுகள், நான்கு பக்கக் கோடுகள், ஆக எட்டு. இங்கே மயிரிழை பிசகினாலும் வெளியே போகப்போகக் கோணல் பெருகி, வாசல் அச்சில் உட்காராது.

மணல் இடுவது நடுவிலிருந்து வெளிநோக்கி. மாற்றிச் செய்தால் முடித்த இடத்தின்மேலேயே கை படும். சக்புர் என்ற நீண்ட உலோகக் கூம்புக்குழாயின் ஒரு பக்கம் வரிவரியாக இருக்கும். அதை இன்னொரு கோலால் உரசினால் அதிர்வில் மணல் நூலாக இறங்கும். வேகமாக உரசினால் கொட்டிவிடும். ஈரம் ஏறிய மணல் நுனியிலேயே அடைத்துக்கொள்ளும். தும்மலோ காற்றோ பட்டால் போயிற்று. சிறு பிசகை மரச்சுரண்டியால் ஒதுக்கித் திருத்தலாம்.

சடங்கு முடிந்ததும் வஜ்ரம் என்ற கைக்கருவியால் கோடுகளைக் கீறி, மணலை நடுவை நோக்கிக் கூட்டி, ஓடும் நீரில் விடுவார்கள். சடங்குக்காக அழைக்கப்பட்ட தெய்வங்களை வழியனுப்பிவிட்ட பிறகே இது நடக்கும்.

மணல் மட்டுமே வழி என்றில்லை. காஞ்சியில் இருந்ததாகச் சீன வரலாறுகள் சொல்லும் பௌத்தத் துறவி வஜ்ரபோதி, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்வழியே சீனா சென்றார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் கற்ற ஜப்பானியத் துறவி கூக்காய் 806இல் ஜப்பான் திரும்பியபோது கொண்டுபோனவை துணியில் தீட்டிய மண்டலங்கள். ஷிங்கோன் என்ற ஜப்பானிய பௌத்தப் பிரிவின் கோயில்களில் கருவுலகம், வஜ்ர உலகம் என்ற இரண்டு மண்டலங்களும் இன்றும் எதிரெதிரே தொங்குகின்றன.